எண் எங்கே குடியிருக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். நீயும் உன் மனைவியும் நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன், கேட்டால் பதில் போடுகிற வழக்கம் உனக்குக் கிடையாது.

முதலில் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒருத்தரும் “நான் அங்கே இல்லை” என்று நழுவக் கூடாது. நான் இருந்தேன். என் மகள் இருந்தாள். மாப்பிள்ளை இருந்தார். எங்கள் மெக்கானிக் இருந்தார். எதைச் சொன்னாலும் “பாத்துக்கலாம்” என்பார், அதனால் அவருக்குப் பெயரே பாத்துக்கலாம் என்று ஆகிவிட்டது. மாப்பிள்ளையைப் பெற்ற என் சம்பந்தியம்மாவும் இருந்தாள். ஆனால் அவள் இருந்தது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

நீ டெலிபோன் இலாகாவில் கம்பம் ஏறியே காலத்தைக் கழித்தவன். அதற்காகத்தான் உனக்கு எழுதுகிறேன், பாசத்தினால் என்று எண்ணிக்கொள்ளாதே. நீ அந்த இலாகாவில் இருக்கும்போதே எங்கள் ஆபீசுக்கு லைன் வராமல் நாங்கள் காத்துக் கிடந்ததையும், நேற்று மனுப் போட்ட உன் மச்சினன் வீட்டில் மணி அடித்ததையும் நான் மறக்கவில்லை. இருக்கட்டும், அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். இப்போது ஒரே ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல். ஒரு போனுடைய எண் எங்கே குடியிருக்கிறது? சுவரிலா, போனிலா, வேறெங்காவதா? ஏன் கேட்கிறேன் என்பதைக் கேள்.

எங்கள் ஆபீஸ் உனக்குத் தெரியும். மூன்றாம் மாடி. உன் அத்தான் ஆரம்பித்த லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியை இப்போது மாப்பிள்ளையும் மகளும் நடத்துகிறார்கள். ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுப்பது அன்றைக்கும் நான்தான், இன்றைக்கும் நான்தான். படிப்பு எனக்கு எழுத்துக் கூட்டும் அளவுக்குத்தான். ஆனால் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவனிடம் எப்படிப் பேசுவது என்பது எனக்குத் தெரியும். ஒன்று கேட்க வேண்டும், பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பயந்திருப்பவனுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். அவன் பாதி சொல்லும்போது நாம் குறுக்கே புகுந்தால் போனை விட்டுவிட்டுக் கதவைக் குத்த ஆரம்பித்துவிடுவான். ஒரு கேள்வி, கொஞ்சம் இடைவெளி, ஒரு “ம்”, அடுத்த கேள்வி. அவ்வளவுதான் என் வித்தை.

போன மாதம் மாப்பிள்ளை ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “அத்தை, இது இன்டர்நெட் போன். இனிமே பழைய லைன் கெடையாது” என்றார். பழைய போனைக் கழற்றி மேசையில் வைத்தபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

புதுப் போன் நல்ல கறுப்பு. சாய்வு நாற்காலியில் சாய்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. முகத்தில் சின்னத் திரை, பக்கத்தில் பொட்டுப் பொட்டாக விளக்கு. முதுகில் இரண்டு துளை, இரண்டும் ஒரே அச்சு. ஒன்றில் சுவரிலிருந்து வரும் ஒயரைச் செருக வேண்டுமாம், இன்னொன்றிலிருந்து மகளின் கம்ப்யூட்டருக்கு ஒயர் போகுமாம். மாப்பிள்ளை இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டார். போனும் கண் திறக்கவில்லை, மகளின் கம்ப்யூட்டரும் படுத்துக்கொண்டது. “ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டறோம், ஒரு ஒயரு சொருகத் தெரியல” என்று மகள் மேசைக்கு அடியில் புகுந்து மாற்றிப் போட்டாள். போன் ஒவ்வொரு விளக்காக முழித்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, கரண்டுக்கென்று தனி ஒயரே கிடையாது.

“கரண்டு எங்கேர்ந்து வருது மாப்ள?”

“அதே ஒயர்லதான் அத்தை. கரண்டும் அதுலதான், பேச்சும் அதுலதான்.”

“ரெண்டும் கலந்துடாதா?”

“கலக்காது.”

“ஏன் கலக்காது?”

மாப்பிள்ளைக்குத் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. தம்பி, நீயாவது சொல், ஏன் கலக்காது?

இன்னொரு அதிசயம். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் அவர்கள் காத்திருப்பார்கள், அவர்கள் காதில் சங்கீதம் ஓடும். அழுத்துகிற நமக்கு அது கேட்காது. நமக்கே கேட்காத ஒன்றை ஊரார் காதில் எப்படி ஊற்றுவது? என்ன சங்கீதமோ, எந்த லட்சணமோ. பாத்துக்கலாத்தை மாடிப்படியில் நிற்க வைத்து அவருடைய கைபேசியிலிருந்து கூப்பிடச் சொன்னேன். பொத்தானை அழுத்திவிட்டு முழங்கால் அனுமதிக்கிற வேகத்தில் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர், “பாட்டு வந்துச்சு பெரியம்மா, நல்லாத்தான் இருந்துச்சு, நீங்க வரீங்கன்னு வெச்சிட்டேன்” என்கிறார். என்ன பாட்டு என்று பாடிக் காட்டச் சொன்னேன். அவர் பாடியது எந்த மனிதனும் கேட்டிருக்க முடியாத பாட்டு.

அப்புறம் என் குரலைப் பதிவு செய்தார்கள். யாரும் போனை எடுக்காவிட்டால் அந்தக் குரல் ஓடும், முடிந்ததும் ஒரு சத்தம் வரும், அதற்குப் பிறகு கூப்பிட்டவர் பேசுவதைப் போன் வாங்கி வைத்துக்கொள்ளும். “நீங்க எப்பவும் பேசற மாதிரியே பேசுங்க அத்தை, உங்க குரல்தான் எல்லாருக்கும் பழக்கம்” என்றார் மாப்பிள்ளை. சொன்னதைச் செய்தேன். “வணக்கம், லிஃப்ட் கம்பெனி, சொல்லுங்க” என்றேன். ஆள் பேச இடம் விட்டேன். “ம்” என்றேன். “எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவுல நிக்குது?” இடம் விட்டேன். “கதவு மூடியிருக்கா, தெறந்திருக்கா?” இடம் விட்டேன். “அப்படியா. கதவ மட்டும் இழுக்காதீங்க. கூட யாராச்சும் இருக்காங்களா?” இடம் விட்டேன். “சரி. உள்ள காத்து வரும், பயப்பட ஒண்ணுமில்ல. நீங்க பேசிக்கிட்டே இருங்க, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.” அத்தோடு முடித்தேன்.

மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். “அத்தை, இது பதிவுக்கு. இப்ப ஆபீஸ்ல யாரும் இல்ல, பேரும் நம்பரும் சொல்லுங்கன்னு சொன்னாப் போதும்.”

“யாரும் இல்லைன்னு நான் எதுக்குச் சொல்லணும்? உள்ள நிக்கறவனுக்கு நெஞ்சு அடைச்சுடும்.”

“சரி, நாளைக்கு மாத்திக்கலாம்” என்றார். அந்த நாளை வரவேயில்லை.

இனி விளக்குகளுக்கு வருகிறேன். என் போனில் இருக்கும் ஒவ்வொரு விளக்கும் ஆபீசில் இருக்கும் ஒவ்வொருத்தருடைய போன். யார் பேசினாலும் அவருடைய விளக்கு சிவக்கும். என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது, யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்றுதான் தெரியும். எனக்கு அது போதாதா? மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தினமும் மாப்பிள்ளையின் விளக்கு சிவந்துவிடும், அணையவே அணையாது. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து “சரிம்மா, சொல்றேம்மா, எப்படிம்மா சொல்றது” என்று குரல் மட்டும் கசியும். ஒருநாள் விளக்கு அணைந்ததும் நேராகப் போய் நின்றேன்.

“உங்கம்மா என்னதான் சொல்லச் சொல்றாங்க? சொல்லிடுங்களேன்.”

மாப்பிள்ளை நல்லவர், பொய் சொன்னால் காது சிவந்துவிடும். “இல்ல அத்தை, இந்த வயசுல மூணு மாடி ஏறி வந்து போன் எடுக்கணுமா, அதான் மெஷின் வந்துடுச்சேன்னு அம்மா... இந்த மாசத்தோட நீங்க வீட்ல நிம்மதியா இருங்களேன்.”

மூன்று மாடி நான் ஏறுவது உண்மைதான். எங்கள் கட்டடத்து லிஃப்டில் நான் ஏறுவதில்லை, அதைப் பழுது பார்ப்பது யார் என்று எனக்குத் தெரியுமல்லவா? ஆனால் அதைச் சொல்ல அந்த அம்மாள் யார்? மகளும் மாப்பிள்ளையும் அவளோடு என் எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம், “பாவம், எங்க சம்பந்திக்குக் காது மந்தம்” என்று சொன்னவள் அவள். அடுத்த அறையில், சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அது ஒரு எழுத்துக்கூட விடாமல் கேட்டது. அன்றிலிருந்து பேச்சை அளந்து வைத்திருக்கிறேன். இப்போது என் நாற்காலிக்கும் கை நீட்டிவிட்டாள். அந்த நாற்காலியை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது, சொல். வீட்டில் நான் எதை எடுத்து யாரிடம் “சொல்லுங்க” என்பது?

அழுதுகொண்டு உட்காரவில்லை. போகத்தான் வேண்டுமென்றால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போகலாம் என்று மறுநாள் மாப்பிள்ளையைப் பிடித்தேன். “இந்த நம்பர் எங்க இருக்கு மாப்ள? சுவத்துலயா?”

“சுவத்துல இல்ல அத்தை. போனக் கழட்டி வேற எங்க கொண்டுபோய் மாட்டினாலும் இதே நம்பர்தான் அடிக்கும்.”

இதை யார் நம்புவார்கள்? நீ கம்பத்திலிருந்து இழுத்துக் கொடுத்த லைன் அந்த வீட்டைவிட்டு அசைந்ததுண்டா? ஆனால் உள்ளுக்குள் ஒரு கணக்கும் ஓடியது. எண் போனில்தான் இருக்கிறதென்றால், போன் யார் மடியில் இருக்கிறதோ அவர் இருக்கும் இடம்தானே ஆபீஸ்? அப்புறம் என்னை எங்கிருந்து எழுப்புவார்கள்? “இப்பவே மாட்டிக் காட்டுங்க” என்றேன். கீழ்த்தளத்து சாமான் அறையிலும் அதே மாதிரி ஒயர் உண்டு. போனைக் கழற்றிக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கினேன். பின்னால் மாப்பிள்ளை, கைபேசியை மேலேயே சார்ஜில் போட்டுவிட்டு வந்தார். வேடிக்கை பார்க்க மகள் வந்தாள். பாத்துக்கலாமும் வந்தார். மூன்றாம் மாடியில் ஈ, காக்காய் இல்லை.

சாமான் அறையில் இரும்பு வடச் சுருளுக்கும் பழைய கதவுப் பலகைக்கும் நடுவே ஒரு மரப்பெட்டியில் போனை வைத்து ஒயரைச் செருகினார் மாப்பிள்ளை. அது மறுபடி முதலிலிருந்து கண் விழிக்க வேண்டும், நேரமாகும். பாத்துக்கலாத்துக்குப் பொறுமை இல்லை. தன் கைபேசியிலிருந்து ஆபீஸ் எண்ணை அடித்துவிட்டார். மரப்பெட்டியில் இருக்கும் போன் அடிக்கவில்லை. ஆனால் அவர் முகம் மலர்ந்தது.

“வணக்கம் பெரியம்மா, நான்தான்” என்றார். அப்புறம், “நடுவுலயெல்லாம் இல்ல, கீழ சாமான் ரூம்லதான் இருக்கேன்” என்றார். அப்புறம், “தெறந்துதான் இருக்கு” என்று கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். அப்புறம், “எல்லாரும் இருக்காங்க, நீங்களும் இருக்கீங்க” என்றார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். என் வாய் மூடியிருக்கிறது. கைபேசியைப் பார்த்தார், மறுபடி என் வாயைப் பார்த்தார். “பெரியம்மா, நீங்க எங்கேர்ந்து பேசறீங்க?” என்றார்.

மகள் சிரித்துச் சிரித்துக் கதவுப் பலகையில் சாய்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் போன் இல்லை. மரப்பெட்டியில் இருப்பது இன்னும் தூங்குகிறது. நான் பேசவேயில்லை. ஆனாலும் நான் பேசுகிறேன். அப்படியானால் எண் சுவரிலும் இல்லை, போனிலும் இல்லை. என் குரலும் என்னிடம் இல்லை. இது என்ன கூத்து தம்பி? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் முழித்துக்கொண்டது. முழித்ததும் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. யாரோ பேசி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மாப்பிள்ளை அழுத்தினார்.

“சம்பந்தி, நான்தான். உங்க லிஃப்டுலதான் நிக்கறேன். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல. கதவு மூடியிருக்கு, கூட யாரும் இல்ல, அதான் சொல்லிட்டேனே...”

“அம்மா” என்று ஒரு கத்துக் கத்திவிட்டு மாப்பிள்ளை ஓடினார். பாத்துக்கலாம் வழக்கம்போல “பாத்துக்கலாம்” என்று ஆரம்பித்தார், மகள் அவரைப் பார்த்த பார்வையில் அவரும் ஓடினார். என்னை நேரில் பார்த்து வீட்டுக்கு அனுப்புவதற்காகவே அந்த அம்மாள் கிளம்பி வந்திருக்கிறாள். மகனுடைய கைபேசி ஆளில்லாத மேசையில் அடித்து ஓய்ந்திருக்கிறது. லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் எங்கள் கம்பெனி எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். எங்கள் கம்பெனி சார்பில் நான்தான் எடுத்திருக்கிறேன், நான் இல்லாமலே.

மொட்டை மாடி மெஷின் அறையில் பாத்துக்கலாம் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போய்ச் சேரவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. அந்த அம்மாள் கைப்பையோடு நிற்கிறாள், ஒரு முடி கலையவில்லை. மாப்பிள்ளைதான் பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, ஒண்ணும் ஆகலயே? பயந்துட்டியா?”

“நான் எதுக்குப் பயப்படறேன்? உன் மாமியார்தான் கூடவே இருந்தாங்களே. என்ன பொறுமை. நான் பேசி முடிக்கற வரைக்கும் குறுக்க ஒரு வார்த்த இல்ல. கேக்க வேண்டியத மட்டும் கேட்டு, தைரியம் சொல்லி... இத எந்த மெஷின்டா செய்யும்?”

“அம்மா, அது வந்து...”

“வந்தும் வேணாம், போயும் வேணாம். அவங்கள அந்த நாற்காலிய விட்டு எழுப்பின, அப்புறம் நான் உன்கூடப் பேச மாட்டேன். நான் சொன்னதெல்லாம் வாபஸ்.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவருடைய அம்மா வாயிலிருந்து என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்து அவர் கேட்டதே இல்லை. அதைக் கெடுக்க அவருக்கு மனம் வருமா? வாயை மூடிக்கொண்டார். நான் மட்டும், “என் வேலதானே சம்பந்தி” என்றேன்.

எல்லோரும் போன பிறகு போனைப் பழைய இடத்தில் மாட்ட வைத்து, நான் மட்டும் உட்கார்ந்தேன். மீதிப் பேச்சு அதற்குள் இருக்கிறதே. ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினேன். ஒரு தடவை விட்டு விட்டுச் சத்தம் வந்தது, ஒரு தடவை போனுக்குள்ளிருந்து யாரோ ஒரு பெண் என்னைத் திட்டாத குறையாகத் தவறு என்றாள். கடைசியில் அகப்பட்டது.

“... பையன்கிட்ட நான்தான் சொன்னேன் சம்பந்தி, உங்கள வீட்டுக்கு அனுப்பச் சொல்லி. உங்க வயசுக்காக இல்ல. அவங்க ரெண்டு பேரும் கெளம்பிடறாங்க, பகல் பூரா நான் ஒருத்தி. டிவிகிட்ட எவ்வளவுதான் பேசறது? நீங்க எதிர் வீட்லயே இருக்கீங்க, ஆனா பகல்ல உங்க வீட்ல பூட்டு தொங்குது. நீங்க இருந்தா ஒரு சண்டையாவது போடலாமேன்னு நெனச்சேன். காது மந்தம்னு சொன்னேனே, அதுகூட வேணும்னு சொல்லல. அன்னிக்கு மூணு தடவ உங்களக் கூப்பிட்டேன், நீங்க முகத்தத் திருப்பிக்கிட்டுப் போனீங்க. கேக்கலன்னுதான் நெனச்சேன்...”

அதற்கு மேல் நேரம் முடிந்து அதுவே வெட்டிவிட்டது. மூன்று தடவை கூப்பிட்டாள் என்பது சரிதான், எனக்குக் கேட்டது. நான் எதற்குத் திரும்ப வேண்டும்? அது வேறு விஷயம். வைக்கவா, அழிக்கவா என்று அந்தப் பெண் கேட்டாள். வைக்கச் சொன்னேன். அப்புறம் இன்னொரு முறை கேட்டேன்.

ஆகவே தம்பி, நாற்காலி என்னிடமே இருக்கிறது. மனம் லேசாக இருப்பதால் எல்லோரையும் மன்னித்துவிட்டேன். சிரித்ததற்காக மகளை, கேட்காமல் பழைய போனைக் கழற்றியதற்காக மாப்பிள்ளையை, எங்கள் லிஃப்டை இத்தனை நாள் பாத்துக்கலாம் என்று விட்டதற்காக மெக்கானிக்கை, மச்சினன் வீட்டு லைனுக்காக உன்னைக்கூட. சம்பந்தியம்மாவையும் மன்னித்தேன். பாவம், ஒரு பதிவை நான் என்று நம்பி மனதைக் கொட்டிவிட்டாள். ஏமாந்து நிற்கிறவளிடம் கோபம் பாராட்டுவது எனக்கு அழகில்லை. உண்மையை நான் அவளிடம் சொல்லப் போவதில்லை, நீயும் மூச்சு விடாதே. உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். நோய் நொடி இல்லாமல், ஏணியில் ஏறாமல், சௌக்கியமாக இருங்கள். எண் எங்கே குடியிருக்கிறது என்பதற்கு மட்டும் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அக்கா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஆபீஸ் போன் அடித்தது. சம்பந்தியம்மா.

“சம்பந்தி, அந்தப் பதிவ மாத்திட்டீங்களா, இன்னும் அதேதான் ஓடுதா?”

“எந்தப் பதிவு?”

“அதான், நீங்க ‘ம்’ கொட்டறீங்களே, அது. நான்தான் பேசறேன்னு சொல்றேன், ‘எந்த மாடி’ங்கறீங்க. என் குரலக் கேட்டதும் நீங்க ஒரு பெருமூச்சு விடுவீங்களே, அதக் காணோம். அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது நீங்க இல்லன்னு.”

உறையைக் கீழே வைத்தேன். “தெரிஞ்சுமா அவ்வளவு பேசினீங்க?”

“நேர்ல சொன்னா கேப்பீங்களா? மெஷின்ல சொல்லி வெச்சா எப்படியாவது நோண்டி எடுத்துக் கேட்டுடுவீங்கன்னு தெரியும்.”

“அப்ப, மாப்ளகிட்ட மெஷின் செய்யுமான்னு கேட்டது?”

“பின்ன, அந்த நாற்காலிய உங்களுக்கு வேற எப்படி வாங்கித் தர்றது? நான் எடுத்தத நான்தானே குடுக்கணும்?” என்று சொல்லிவிட்டு, மத்தியானத்தில் சும்மா இருந்தால் கூப்பிடுங்கள், நானும் சும்மாதான் இருப்பேன் என்றாள். கூப்பிடுகிறேன் என்று வாய் தவறி ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஆகையால் தம்பி, மேலே நான் எழுதியதை மாற்றிப் படித்துக்கொள். உங்கள் எல்லோரையும் மன்னித்தது மன்னித்ததுதான். ஏமாந்தாள் என்று இரக்கப்பட்டு ஒருத்தியைச் சேர்த்துவிட்டேன், அவளை மட்டும் அடித்துவிடு. தெரிந்தே எனக்கு ஒரு நல்லதைச் செய்துவிட்டு, நான் பெருந்தன்மையாக இருந்த சந்தோஷத்தையும் பறித்துக்கொண்டாள். தினமும் மத்தியானம் பேசுவேன், அது வேறு. ஆனால் உயிர் உள்ளவரை நான் மன்னிக்க மாட்டேன், என் சம்பந்தியம்மாவை.